லக்ராஸ் ஆடும் மகளுக்குக் கல்லூரி தேடுவது எப்படி

அமெரிக்காவில் மகள் பள்ளி அணியில் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) ஆடத் தொடங்கிவிட்டால், பத்தாம் வகுப்பு முடிவதற்குள் மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு அப்பா நம்மிடம் வந்து, "இவளுக்கு ஃபுல் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த ஒரு பேச்சை நம்பி கிளப் கட்டணம், கோடை முழுக்க ஹோட்டல் வாடகை, கேம்ப் பணம் என்று கொட்டுகிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஆட்டமே புதுசு, இதில் கல்லூரிகள் ஆள் எடுக்கும் விதம் அதைவிடப் புதுசு. அதனால் பணத்திலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்து வைத்திருக்கிறது, அதில் மேல்மட்டம் டிவிஷன் ஒன்று. 2025 வரை டிவிஷன் ஒன்றில் ஒரு பெண்கள் லக்ராஸ் அணிக்கு அதிகபட்சம் 12 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம்தான் கொடுக்க முடிந்தது. அதை கோச் பிய்த்துப் பிய்த்து அணி முழுவதற்கும் கொடுப்பார். 36 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆனால் யாரும் சமமாகப் பிரிப்பதில்லை, நன்றாக ஆடுகிறவளுக்குப் பாதி போனால் இன்னொருத்திக்குப் புத்தகக் காசுதான் மிஞ்சும். கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த உச்சவரம்பு போய்விட்டது. பதிலுக்கு அணியில் 38 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று புது வரம்பு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வரம்பு போனதால் பணம் வந்துவிடாது. அதே சமரசப்படி ஒரு கல்லூரி 2025-26 ஆண்டில் தன் வீரர்களுக்கு நேரடியாகவே சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம், அதில் பெரும்பகுதி அமெரிக்க ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. லக்ராஸ் பெண்களுக்கு என்ன மிச்சம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு, நேராகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

டிவிஷன் இரண்டில் வரம்பு 9.9 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம். டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. இதில் பலரும் தடுமாறுகிற இடம் ஐவி லீக். ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் உட்பட எட்டும் டிவிஷன் ஒன்றுதான், ஆனால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். நம் வீடுகளில் இரண்டு பேரும் ஐடி வேலையில் இருந்தால் வருமானத்தைப் பொறுத்து அந்த உதவி குறைவாகவே வரலாம். டிவிஷன் மூன்றில் இருக்கும் வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், மிடில்பரி ஆகியவற்றிலும் இதே கதை, மதிப்பெண்ணுக்கென்று பணம் கிடையாது. ஆனால் அதே டிவிஷன் மூன்றில் படிப்பைப் பார்த்து நல்ல தொகை தள்ளிக் கொடுக்கும் தனியார் கல்லூரிகள் ஏராளம். "டிவிஷன் ஒன், 25 சதவீதம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சலுகையைவிட அங்கே கையிலிருந்து போகும் பணம் குறைவாக இருக்கலாம். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் செலவு கணக்கிடும் கருவி ஒன்று இருக்கும், வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். மகள் பட்டியலில் ஒரு கல்லூரியைச் சேர்த்த அன்றே அதில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். சதவீதத்தை விடுங்கள், நான்கு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விசா விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அமெரிக்கப் பெற்றோருக்கான வழிகாட்டிகளில் இது இருக்காது. மகள் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கு வருவது) இருந்தால் மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதில் எச்-4 முடியும், அதாவது கல்லூரி நடுவிலேயே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரும். விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்க இந்த விசாக்கள் தடையில்லை. ஆனால் இன்ஸ்டாகிராம் விளம்பரம், கல்லூரி பகிரும் வருமானம் என்று வரும் பணம் "வேலை" என்று கருதப்படும் ஆபத்து இருக்கிறது, வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். டொராண்டோ பக்கத்திலிருந்து மகளை அனுப்ப நினைக்கும் நம்மவர்களும் எஃப்-1 சங்கதியைப் படித்துக்கொள்வது நல்லது. லக்ராஸ் அங்கே தேசியக் கோடை விளையாட்டு, எல்லை தாண்டி வந்து ஆடும் பெண்கள் நிறையப் பேர்.

சரி, காலக் கணக்கு. டிவிஷன் ஒன்று கோச்கள் உங்கள் மகளிடம் பேசக்கூடிய முதல் நாள் அவள் பதினோராம் வகுப்பில் இருக்கும் செப்டம்பர் 1. அதற்கு முன் அவர்கள் அழைக்கவோ மெயிலுக்குப் பதில் எழுதவோ கூடாது. 2017இல்தான் இந்த விதி வந்தது, அதற்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம்கூட வாய்மொழி வாக்குறுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள், அந்தக் கூத்து ஒழிந்தது நல்லதுதான். டிவிஷன் இரண்டில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஜூன் 15இலிருந்து பேசலாம். டிவிஷன் மூன்றில் எப்போது வேண்டுமானாலும். ஆகவே பத்தாம் வகுப்பில் எந்தப் பெரிய கல்லூரியும் பதில் எழுதவில்லையே என்று மனம் உடைய வேண்டாம், விதியே அப்படி. அதே சமயம், அந்த வயதில் வரும் "எங்கள் கேம்ப்புக்கு உன்னை அழைக்கிறோம்" மெயிலைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம். கேம்ப் என்பது அவர்களுக்கு வருமானம், அந்த மெயில் நூற்றுக்கணக்கான பேருக்குப் போயிருக்கும். மெயிலில் மகள் ஆடிய ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைப் பற்றியோ அவள் செய்த ஒரு காரியத்தைப் பற்றியோ ஒரு வரி இருந்தால் அது வேறு விஷயம்.

கோச்சுக்கு மெயில் எழுத வேண்டியது மகள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பழக்கத்தில் அப்பா உட்கார்ந்து எழுதிவிடுவார், போன் வந்தால் அம்மா பக்கத்தில் நின்று வாயசைப்பார், இதெல்லாம் கோச்சுக்கு உடனே தெரிந்துவிடும். பொருள் வரியில் பள்ளி முடிக்கும் வருடம், ஆடும் இடம், பெயர், கிளப் அணி. உள்ளே எதற்காக இந்தக் கல்லூரி என்று இரண்டு வரி, மதிப்பெண், அடுத்து எந்த டோர்னமெண்டில் எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு என்ன ஜெர்ஸி எண்ணில் ஆடுகிறாள், வீடியோ இணைப்பு. வீடியோ மூன்று நான்கு நிமிடம் போதும், பாட்டெல்லாம் போட வேண்டாம். வெறும் கோலாக அடுக்கினால் கோச்சுக்குச் சலிப்புதான். தரையில் உருண்ட பந்தை இரண்டு பேருக்கு நடுவில் எடுப்பது, பந்தைப் பறிகொடுத்ததும் திரும்பி ஓடித் தடுப்பது, நடு மைதானத்தில் டிரா எடுப்பது, இவற்றைத்தான் தேடுவார்கள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் டிராவில்தான் பந்து மறுபடி ஆட்டத்துக்கு வருகிறது, அதை ஜெயித்துக் கொடுக்கிற பெண்ணுக்கு எப்போதும் கிராக்கி. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு இதையெல்லாம் செய்து தருவதாகச் சொல்லும் ஏஜென்சிகள் இருக்கின்றன. தேவையில்லை என்பது என் கருத்து.

இனி கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது. கோச் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் முடிவை இரண்டு பக்கங்களை வைத்து எடுங்கள், ஒன்று ரோஸ்டர், அதாவது அணியில் யார் யார் என்ற பட்டியல், இன்னொன்று ஆட்ட அட்டவணை. இரண்டும் கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன, யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

ரோஸ்டரை இப்படிப் படிக்கலாம். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, மகள் ஆடும் இடத்தில் இப்போது யார் யார் எந்த வருடத்தில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். மகள் சேரும் வருடத்துக்குள் போய்விடுகிறவர்களை அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்கிற மிட்ஃபீல்டர்கள் பத்துப் பேர், அதிலும் ஆறு பேர் அவளைவிட ஒரே ஒரு வருடம் மூத்தவர்கள் என்றால், அவள் மூன்று வருடம் பெஞ்சைத் தேய்க்கப் போகிறாள். கோலிக்கு, அதாவது கோல் காப்பவளுக்கு, இந்தக் கணக்கு இன்னும் கொடுமை. களத்தில் 12 பேர், அதில் கோலி ஒருத்திதான், நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறவளை நடுவில் மாற்றவும் மாட்டார்கள். முதல் வருடத்தில் இருக்கும் ஒரு கோலி ஏற்கெனவே எல்லா ஆட்டத்திலும் தொடக்கத்திலிருந்தே இறங்குகிறாள் என்றால் அவளுக்கு அடுத்த வகுப்பில் சேரும் கோலி கடைசி வருடம் வரை காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அடுத்து, மூன்று வருடம் முந்தைய ரோஸ்டரைத் திறங்கள். அப்போது முதல் வருடத்தில் இருந்த பெண்களின் பெயர்களை இந்த வருட ரோஸ்டரில் தேடுங்கள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் இருந்தால் அந்த அணியில் ஏதோ நன்றாக நடக்கிறது. நான்கே பேர் என்றால் மற்ற ஐந்து பேர் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும். காயமாக இருக்கலாம், படிப்பாக இருக்கலாம், 38 என்ற வரம்பு வந்ததால் கழற்றிவிட்டிருக்கலாம், டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாம். கோச்சிடம் கேட்கும்போது பதிலைவிட முகத்தைப் பாருங்கள். அதே ரோஸ்டரில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த மூத்த பெண்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள், ஏனென்றால் அவர்கள் ஒவ்வொருவரும் பள்ளியிலிருந்து வரும் ஒரு பெண்ணின் இடத்தில் நிற்கிறார்கள்.

சில தளங்களில் ஒவ்வொரு பெண்ணும் என்ன படிக்கிறாள் என்றும் போட்டிருப்பார்கள். இருந்தால் அதுதான் அந்தப் பக்கத்திலேயே விலைமதிப்பற்ற தகவல். மகளுக்கு நர்சிங்கோ இன்ஜினியரிங்கோ வேண்டும், அணியில் ஒருத்திகூட அதைப் படிக்கவில்லை என்றால், கோச் "இங்கே எது வேண்டுமானாலும் படிக்கலாம்" என்று சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அட்டவணைக்கு வருவோம். லக்ராஸ் வசந்த கால ஆட்டம், பிப்ரவரியில் தொடங்கி மே மாதம் வரை போகும், இறுதிப் போட்டி மே கடைசியில் வரும் மெமோரியல் டே வார இறுதியில். டிவிஷன் ஒன்று, இரண்டு விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்கக் கூடாது. கேட்டால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான், பயண நேரம் கணக்கில் வராது, காலுக்கு ஐஸ் வைத்து பிசியோவிடம் படுத்திருக்கும் நேரமும் வராது. இப்போது பயணத்தைப் பாருங்கள். கல்லூரிகள் தங்களுக்குள் ஆடுவதற்காகச் சேர்ந்த குழுவுக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். 2024இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசி கான்ஃபரன்ஸுக்கு வந்துவிட்டன, பாஸ்டன் காலேஜ் பெண் ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்காக நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கிறாள். பிக் டென் கான்ஃபரன்ஸில் மேற்குக் கரையின் ஓரிகானும் யுஎஸ்சியும் சேர்ந்தாயிற்று, நியூ ஜெர்சியில் நம்மவர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும் ரட்கர்ஸும் அதே கான்ஃபரன்ஸ்தான். மாறாக மிடில்பரி, டஃப்ட்ஸ் எல்லாம் இருக்கும் நெஸ்காக் கான்ஃபரன்ஸில் அநேகமாக எல்லாப் பயணமும் பஸ்ஸில். இந்த வருட அட்டவணையை எடுத்து, வார நாளில் எத்தனை வகுப்பு போகும் என்று மகளையே எண்ணச் சொல்லுங்கள். கெமிஸ்ட்ரி லேப் மதியத்தில் வரும், பயிற்சியும் மதியத்தில் வரும், எது நகரும் என்பதை அணியில் லேப் எடுக்கும் ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

பெயரைப் பார்த்து மயங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. மேரிலாந்து, நார்த் கரோலினா, நார்த்வெஸ்டர்ன், பாஸ்டன் காலேஜ் என்று நான்கைந்து பெயர்கள்தான் எல்லோர் வாயிலும். ஆனால் நார்த்வெஸ்டர்னே 2002இல்தான் அணியை மறுபடி தொடங்கியது, 2005இல் கோப்பையை வாங்கிவிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மற்ற விளையாட்டுகளில் டிவிஷன் மூன்று, லக்ராஸில் மட்டும் டிவிஷன் ஒன்று. டாக்டர் ஆசை இருக்கும் வீடுகளில் அந்தப் பெயர் எப்படியும் அடிபடும், ஆட்டத்தின் கடுமையையும் சேர்த்து யோசியுங்கள். நியூ ஜெர்சி மாநிலக் கல்லூரியான டிசிஎன்ஜே நம்மவர்களுக்கு ஏழு வருட மருத்துவத் திட்டத்துக்காகத் தெரியும், பெண்கள் லக்ராஸில் பலமுறை தேசியக் கோப்பை வாங்கிய அணி அது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மேரிலாந்தில் சாலிஸ்பரியும் அப்படித்தான், அரசுப் பல்கலைக்கழகம், டிவிஷன் மூன்று, தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறது. உள்மாநிலக் கட்டணத்தில் கோப்பைக்கு ஆடும் அணியில் இடம் என்பது சாதாரண விஷயமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பென்சில்வேனியாவில் கப்ரீனி என்று ஒரு சிறிய பல்கலைக்கழகம், அதன் ஆண்கள் லக்ராஸ் அணி 2019இல் டிவிஷன் மூன்று தேசிய சாம்பியன். 2024இல் கல்லூரியே மூடப்பட்டது. சிறிய தனியார் கல்லூரி என்றால் மாணவர் எண்ணிக்கை ஐந்து வருடமாக ஏறுகிறதா இறங்குகிறதா, துறைகளை மூடுகிறார்களா என்று பார்த்துவிடுங்கள். அணி எவ்வளவு ஜெயித்தாலும் அது கல்லூரியைக் காப்பாற்றாது.

நேரில் போய்ப் பார்ப்பது என்பது கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் படலம்தான், இரண்டு தரப்பும் பட்டுடுத்தி பஜ்ஜி சொஜ்ஜியோடு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கல்லூரி செலவில் அழைத்துப் போகும் அதிகாரபூர்வ வருகைக்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்கப் போய்விடுங்கள். பந்து இருக்கும் பக்கம் பார்க்காதீர்கள். பெஞ்சைப் பாருங்கள். ஒரு பெண் பந்தைத் தவறவிட்டு வெளியே வரும்போது கோச் என்ன செய்கிறார், பக்கத்தில் நிற்கிறவள் தோளில் தட்டுகிறாளா, தள்ளி நிற்கிறாளா. ஒரு நிமிடம்கூட இறங்காத பெண்கள் கோல் விழும்போது எழுந்து நிற்கிறார்களா. முழங்காலில் கட்டுப் போட்டு ஊன்றுகோலோடு ஒருத்தி நின்றால் அவள் அணியோடு நிற்கிறாளா, ஓரமாகவா. பெண்கள் லக்ராஸில் முழங்கால் தசைநார் கிழிவது அடிக்கடி நடப்பது, மகளுக்கும் நடக்கலாம், அன்றைக்கு அவளை எப்படி நடத்துவார்கள் என்பது இதில் தெரிந்துவிடும்.

அதிகாரபூர்வ வருகையில் மகள் இரவு வீராங்கனைகளோடு தங்குவாள். நாம் கூடப் போக முடியாது, கவலையாகத்தான் இருக்கும். அவளிடம் இரண்டு கேள்விகளை மட்டும் சொல்லி அனுப்புங்கள். "போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தாய்?" என்பது ஒன்று, "இங்கிருந்து போனவர்கள் ஏன் போனார்கள்?" என்பது இன்னொன்று. "உனக்கு இங்கே பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் சூப்பர் என்றுதான் சொல்வார்கள். சாப்பாடு விஷயமும் சின்னதில்லை, சைவம் சாப்பிடும் பிள்ளை பயணத்தில் பீட்சாவையே தின்றுகொண்டு வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆட முடியாது, அணியோடு பயணம் செய்கிறவர்களுக்கு என்ன வாங்கித் தருகிறார்கள் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கடைசியாக, ஒப்புக்கொள்வது. வாய்மொழி சம்மதம் யாரையும் கட்டுப்படுத்தாது, கல்லூரியையும் சரி, மகளையும் சரி. இந்தக் கல்லூரிக்குத்தான் வருவேன் என்று கையெழுத்துப் போடும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் பற்றிப் பழைய வழிகாட்டிகளில் படித்திருப்பீர்கள், 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கையெழுத்தாவது நிதி உதவி ஒப்பந்தம்தான். அதில் எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு, காயம் பட்டால் என்ன என்பதைப் படியுங்கள். கோச் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவர் வாயால் சொன்னதெல்லாம் அவரோடு போய்விடும், தாளில் இருப்பதுதான் நிற்கும். டிவிஷன் மூன்றில் இப்படி ஒப்பந்தமே கிடையாது. அங்கே பதினோராம் வகுப்பு முடிந்த ஜூலையில் மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகத்துக்கு முன்கூட்டியே காட்டி, இடம் கிடைக்குமா என்று கோச் சொல்லும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அப்போதே பண உதவிக்கும் அதே மாதிரி ஒரு உத்தேசக் கணக்கு கேளுங்கள், அதைப் பார்க்காமல், இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய எர்லி டிசிஷன் விண்ணப்பம் போட்டால் அப்புறம் பேரம் பேச இடமிருக்காது. டிவிஷன் ஒன்று, இரண்டுக்கு, ஆடத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவு செய்து 16 அடிப்படைப் பாடங்களும் சரியாக இருக்கின்றனவா என்று பத்தாம் வகுப்பிலேயே கவுன்சலரிடம் சரிபார்த்துவிடுங்கள், எஸ்ஏடி மதிப்பெண் இப்போது அங்கே கேட்பதில்லை.

முடிவெடுத்த அன்றே, காத்திருக்கும் மற்ற கோச்களுக்கு மகள் போன் போட்டு நன்றி சொல்லி, வேறு கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். அழுகை வரும், மெயில் போட்டால் போதாதா என்பாள். போன்தான். இந்த ஆட்டத்தின் உலகம் சின்னது, இரண்டு வருடம் கழித்து கல்லூரி மாற நினைத்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் அவள் பெயர் வந்தால் முதலில் பார்க்கப் போவது இதே கோச்கள்தான்.